நடுக்குருத்தில் கை வைத்தவள்

அக்கா,

இன்றைக்குக் காலையில் ஒரு தோட்டக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். எல்லாம் உன்னால்தான். நம் வீட்டுக்குக் கீழே, ரோடு திரும்புகிற இடத்தில் புதிதாக ஒரு ஹோட்டல் கட்டியிருக்கிறார்கள். சீசனுக்குத் திறக்கப் போகிறார்களாம். கேட்டின் இரண்டு பக்கமும் சிமெண்ட் தொட்டி வைத்து, வத்தலக்குண்டிலிருந்து லாரியில் ஏற்றி வந்த விசிறிப் பனைக் கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தான் அந்த ஆள். தொட்டியின் அடியில் ஓட்டை இல்லை. மண்ணை நடுக்குருத்து வரைக்கும் மேடாக்கிக் காலால் மிதித்துக்கொண்டிருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்ப்பா, குருத்த மண்ணுக்குள்ள பொதச்சா அழுகிறாதா? தண்ணி எந்தப் பக்கமா வெளிய போகும்?" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இது ஃபேன் பாம்மா. ஃபாரின் அயிட்டம். ஒங்களுக்குத் தெரியாது. போய் ஒங்க சோலியப் பாருங்க" என்றான்.

எனக்கா தெரியாது? பதினைந்து வருஷத்துக்கு மேல் இந்தச் சனியனோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்கா தெரியாது? நான் கத்திய கத்தலில் மேஸ்திரி ஓடி வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் அந்த ஆள் மேல் எனக்கு என்ன கோபம்? கோபமெல்லாம் உன் மேல்தான். நீ கண்ணை மூடி நாலு வருஷம் ஆகிறது, இன்னும் ஆறவில்லை. எழுதியாவது தீர்த்துக்கொள்ளலாம் என்று இந்தக் காகிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்கி, முகாமில் சில மாதம் கிடந்து, வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இந்த மலைக்கு ஏறி வந்தவர்களில் நீயும் ஒருத்தி. புருஷன் அங்கேயே தேயிலைத் தோட்டத்தில் செத்துப்போயிருந்தார். ஒரே மகளைக் கூடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக நின்றாய். ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் துணி துவைக்கிற வேலை. செண்பகனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்தபோது உன் ஒரு கையில் டிரங்குப் பெட்டி, இன்னொரு கையில் ஒரு பழைய பால் பவுடர் டின். நான் அப்போதுதான் பள்ளிக்கூட ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். உனக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு கூட. "என்னை அம்மான்னு கூப்பிடாதக்கா, ஸ்டெல்லான்னு கூப்பிடு" என்று முதல் நாளே சொன்னவள் நான்தான். அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமை வேறு.

டின்னுக்குள் ஈர மண். மண்ணுக்குள் மூன்று கொட்டைகள். என்ன கொட்டை என்று கேட்டேன்.

"விசிறிப் பனை. தொரை பங்களா முன்னுக்கு நின்னது."

நான் சிரித்துவிட்டேன். "இந்தக் குளிருக்குத் தென்னையே வராதுக்கா. பனை வருமா?"

நீ சிரிக்கவில்லை. "அங்கயும் இதே குளிருதான். மரம் நின்னுச்சே! எங்கப்பா அதுக்குக் கீழ கூட்டுவாரு. நாங்க லயத்துப் புள்ளைங்க. கேட்டத் தாண்டி உள்ளுக்குப் போகக் கூடாது. வெளிய நின்னுதான் பார்ப்பேன். அது என் வாசல்ல நிக்கணும். அவ்வளவுதான்."

லயம் என்றால் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் வாசல் என்று நீ சொன்னது எங்கள் வாசலை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றில் ஒன்றுதான் முளைத்தது. முளைத்து என்ன? புல் மாதிரி ஒற்றை இலை. சில மாதம் கழித்து இன்னொரு புல். விசிறியும் இல்லை, பனையும் இல்லை. டின்னிலிருந்து தரைக்கு மாற்றுகிற அன்றைக்கு நான் கன்றைப் பிடித்துத் தூக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாய். "வேரத் தொட்டா கோவிச்சுக்கும்" என்று சொல்லி, டின்னைச் சுற்றிலும் வெட்டிப் பிரித்து, மண்கட்டி உடையாமல் அப்படியே குழிக்குள் இறக்கினாய். குழியின் அடியில் உடைந்த ஓடும் ஆற்று மணலும் போட்டிருந்தாய். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கக் கூடாதாம். ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுகிற கவனம் இருந்தது உன் கையில். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மார்கழியும் தையும் வந்தால் போதும், நமக்குள் வம்புதான். உறைபனி விழுகிற மாதங்கள். சாயந்திரமே நாலு குச்சி நட்டு மேலே சாக்கைப் போர்த்துவாய். வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். நீ வெள்ளனே வேலைக்குக் கிளம்புகிற நாட்களில் எடுக்கிற வேலை என் தலையில். ஒரு நாள் அவசரத்தில் மறந்துவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். சாயந்திரம் நீ திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது. "நாலெழுத்துப் படிச்சவதானே நீ? மூச்சு முட்டாதா அதுக்கு? ஒன் தலையில ஒரு நாள் முழுக்கச் சாக்கப் போட்டு மூடுனா இருப்பியா?" என் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். நமக்கேன் வம்பு என்று மூடிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் நீயே பால் விடாமல் சாயத்தண்ணி போட்டு எடுத்து வந்து, "குடி, கோவத்த அதுல கரைச்சுக் குடி" என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம்.

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பனையைக் கண்டாலே ஆகாது. "என்னத்த வளருது இது? அஞ்சு வருஷமா முழங்கால் ஒசரத்துலயே கெடக்கு. அந்த எடத்துல பீன்ஸ் போட்டாலும் கொழம்புக்கு ஆகும்" என்பார். "வளரும்ங்க. வெரட்டுனா வருமா?" என்பாய் நீ. நான் நடுவில் கிடந்து அல்லாடுவேன். உண்மையைச் சொல்லப்போனால் எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. எதையாவது நட்டால் கண்ணெதிரே கிளைக்க வேண்டும், பூக்க வேண்டும் எனக்கு. இதுவோ தரைக்குள்ளேயே எதையோ யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆறாவது வருஷம் ஓலை உண்மையாகவே விசிறியாக விரிந்தது. நுனிகள் கிழிந்து நூல் நூலாகக் கீழே தொங்கின. மட்டையின் இரண்டு ஓரத்திலும் முள். காற்றடித்தால் சரசர என்று சத்தம். அன்றைக்கு நீ வேலைக்குப் போகவில்லை. துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். "கேட்டு இல்ல, வாச்சர் இல்ல. பார்த்தியா ஸ்டெல்லா?" என்றாய். பதினோராவது வருஷத்தில் அது என் தலைக்கு மேல் நின்றது. அடித்தண்டு லேசாகத் திரளத் தொடங்கியிருந்தது.

இனி அந்த வருஷத்துக் கதையை எழுதித்தான் ஆக வேண்டும்.

குருத்தோலை ஞாயிறுக்கு எங்கள் கோயிலுக்கு ஓலை எப்போதும் கீழேயிருந்துதான் வரும். சனிக்கிழமை காலை வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற பஸ்ஸின் மேல் தென்னங்குருத்து கட்டுக் கட்டாக வரும். உபதேசியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இறக்கிக்கொள்வார். அந்த வருஷம் வெள்ளிக்கிழமை பெய்த கோடை மழையில் மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. மத்தியானம் வரை காத்திருந்தோம். "யூகலிப்டஸ் கொப்பையா ஆட்டிக்கிட்டுப் போறது?" என்று பங்குச் சாமியார் நொந்துகொண்டார். பீட அலங்காரம் என் பொறுப்பு. நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் என் வாய் சும்மா இருக்குமா? "கவலைப்படாதீங்க ஃபாதர். எங்க வீட்டுலயே பனை ஓலை இருக்கு. இந்த மலையிலயே வளர்ந்தது" என்று சொல்லிவிட்டேன். எங்க வீட்டில்! உன்னை ஒரு வார்த்தை கேட்காமலே.

நீ மத்தியான வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். விஷயத்தைச் சொன்னேன். பனையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"சாமி காரியம். ஏலாதுன்னு சொல்ல முடியுமா? ஓரத்து ஓலை ரெண்டு மூணு எடுத்துக்க. நடுவுல மட்டும் கை வச்சுராத. அதுக்கு இருக்கறது ஒரே ஒரு குருத்துதான்." இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாய். "கேட்டியா?"

"கேட்டேங்க்கா. நீ வெரசா போ, நேரமாச்சு" என்றேன்.

அரிவாளோடு போய்ப் பார்த்தால் ஓரத்து ஓலையெல்லாம் தை மாசப் பனியில் நுனி கருகிப் பழுப்பேறிக் கிடந்தது. இதையா சாமியார் கையில் கொடுப்பது? நடுவில் குருத்து நிமிர்ந்து நின்றது. விரியாத விசிறி, இளமஞ்சள் நிறம், ஒரு கறை இல்லை. குருத்தோலை ஞாயிறு அன்றைக்குக் கையில் குருத்து இல்லாமல் முற்றிய மட்டையையா பிடித்துக்கொண்டு போவார்கள்? வருஷா வருஷம் கீழே தென்னையில் குருத்து வெட்டுகிறார்களே, மரம் செத்தா போகிறது? இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். காம்பு நீளமாக இருந்தால் பிடிக்க வாகாக இருக்கும் என்று, மட்டைகளை விலக்கிக்கொண்டு எவ்வளவு ஆழத்துக்குக் கை போனதோ அவ்வளவு ஆழத்தில் அரிவாளைப் போட்டேன். முள் கையைக் கிழித்தது. உள்ளே வெள்ளை வெளேர் என்று சதை தெரிந்தது. தப்புப் பண்ணிவிட்டாய் ஸ்டெல்லா என்று அந்த நிமிஷமே மனசு சொன்னது. சொல்லி என்ன பிரயோசனம்?

பவனி நன்றாக நடந்தது. பாதிக் குருத்தை அப்படியே சாமியார் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். மீதியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து எல்லாருக்கும் கொடுத்தோம். "இந்த மலையில வளர்ந்ததா? ஸ்டெல்லா வீட்டுலயா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு மண்டைக்கனம் இருந்திருந்தால், அந்தக் கீற்றிலேயே ஒரு சிலுவை பின்னி உன்னிடமே கொண்டுவந்து நீட்டியிருப்பேன்!

நீ அப்போது பனைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாய். உன் ஆள்காட்டி விரல் அந்த வெட்டுக்குள் இருந்தது. எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். திட்டப் போகிறாய் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீ கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிலுவையை வாங்கினாய். உள்ளே போய் மாரியம்மன் படத்துக்குக் கீழே வைத்தாய். திரும்பி வந்து வெட்டில் அடுப்புச் சாம்பலைத் தூவினாய்.

அந்த வருஷம் மழையும் விட்டபாடில்லை. ஒரு மாதத்தில் நடுவிலிருந்து நாற்றம் கிளம்பியது. அடுத்து வரவேண்டிய குருத்தை நீ லேசாகத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அடியில் கொழகொழ என்று அழுகல். உருளைக்கிழங்குக்கு அடிக்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொண்டுவந்து ஊற்றினாய். மழை இறங்காமல் இருக்க மேலே ஒரு தகரத்தைக் கட்டினாய். அப்போது என் வீட்டுக்காரர் வந்து, "என்னாச்சு இதுக்கு? நல்லாத்தானே நின்னுச்சு?" என்று உன்னைக் கேட்டார். நான் காப்பி டம்ளரோடு பக்கத்தில் நின்றேன்.

"முள்ளம்பன்னி கடிச்சிருச்சுங்க" என்றாய் நீ.

என்னைப் பார்க்காமல் சொன்னாய். நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் சாமியார் விசாரித்தபோது நானும் அதையேதான் சொன்னேன். முள்ளம்பன்றி! நீ எனக்குக் கொடுத்த பொய்யைத் துவைத்த சட்டை போல மாட்டிக்கொண்டு திரிந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் முன்னால் மண்டியிட்டபோதுகூடச் சொல்லவில்லை.

அதிலிருந்து நீ மாறிப்போனாய். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கவில்லை, கேட்டால் சிரித்தாய். அதுதான் என்னைக் கொன்றது. ஸ்டெல்லா என்று கூப்பிடுவது நின்று, "ஸ்டெல்லாம்மா" ஆனது. பனி மாதம் வந்ததும் வேண்டுமென்றே ஒரு நாள் முழுக்கச் சாக்கை எடுக்காமல் விட்டேன். நீ கத்த வேண்டும், நான் அழ வேண்டும், சாயத்தண்ணி குடித்துக் கணக்கு நேராக வேண்டும் என்று ஏங்கினேன். சாயந்திரம் வந்து நீயே எடுத்து மடித்து வைத்தாய். "பரவாயில்லங்க, ஒங்களுக்கு வேல இருந்திருக்கும்" என்றாய். எனக்கு அந்தச் சாக்கைப் பிடுங்கிக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. எத்தனை பெரிய மனசு இவளுக்கு, மன்னித்துவிட்டாளே என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இன்னொரு விஷயமும் அந்த நாட்களில் நடந்துகொண்டிருந்தது. செண்பகனூரில் எல்லாரும் பின் வீட்டை இடித்து, சீசனுக்கு வருகிறவர்களுக்கு ரூம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் தினம் அதே பேச்சு. "நாமளும் பின்னால ரெண்டு ரூமு போட்ரலாம்" என்பார். "பார்ப்போம்" என்பேன் நான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நீ தும்மினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசியது உனக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? எனக்கு அது தோன்றவே இல்லை.

தை முடிவதற்குள் உனக்கு நெஞ்சுச் சளி முற்றி, கீழே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நான் பஸ் ஏறினேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை வத்தலக்குண்டு வரைக்கும் வளைவுக்கு வளைவு மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கட்டிலில் நீ பாதியாகிக் கிடந்தாய். உன் மகள் தண்ணீர் பிடிக்க வெளியே போன சமயம் பார்த்து, "அக்கா, முள்ளம்பன்னி இல்ல. நான்தான். நீ சொல்லச் சொல்லக் கேக்காம நடுவுல வெட்டிட்டேன்" என்றேன்.

"தெரியும். அருவா வெட்டு தெரியாதா எனக்கு?"

"பெறகு ஏன்க்கா ஒரு வார்த்த திட்டல? ஒரு நாள் சாக்கு எடுக்காததுக்கு ஊரக் கூட்டுனியே. இதுக்கு என்னை அடிச்சே இருக்கலாமே!"

நீ இருமினாய். மூச்சு வாங்கியது. கோபமே இல்லாமல், நேரம் என்ன என்று சொல்வது போலச் சொன்னாய்: "அப்பெல்லாம் வீட்ட இடிக்கிற பேச்சு இல்ல. இப்பத் திட்டிட்டு நான் எங்க போறது ஸ்டெல்லாம்மா?"

அக்கா, நீ என்னை மன்னிக்கவில்லை. என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாய். ஒரு வருஷமாக உன் பயத்தை நான் மன்னிப்பு என்று நினைத்து, நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். "யாரும் இடிக்க மாட்டாங்கக்கா, அது ஒன் வீடு" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ தலையை ஆட்டினாய். நம்பினாயா, சும்மா ஆட்டினாயா, தெரியாது. மூன்றாம் நாள் போய்விட்டாய். வீட்டை இடிக்க மாட்டோம் என்று சொல்ல எனக்கு ஒரு வருஷம் இருந்ததே! சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தாய்!

ஆனி மாதம் அந்தப் பனை ஒரு குருத்து விட்டது. விலாப் பக்கமாக, கோணலாக, பாதி ஓலை அறுந்த மாதிரி. "நாலு மாசத்துக்கு முன்னால வந்திருக்கக் கூடாதா, தரித்திரமே" என்று அதன் முன்னால் நின்று கத்தினேன். இப்போது நேராகவே விடுகிறது. அடித்தண்டில் மட்டும் ஒரு வளைவு உண்டு.

முள்ளம்பன்றிக் கதை பொய் என்று என் வீட்டுக்காரரிடமும் சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்வது? பின் வீட்டை இடிக்க விடவில்லை. அதற்காக என் வீட்டுக்காரர் என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார்.

இப்போது அங்கே பூம்பாறைக்காரி ஒருத்தி புருஷனோடு குடியிருக்கிறாள். பூண்டுக் காட்டில் வளர்ந்த பெண், குரல் ஊருக்கே கேட்கும். வந்த அன்றைக்கே அவளை உட்கார வைத்து, "ஒங்களை யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டோம், நானிருக்கற வரைக்கும் இது ஒங்க வீடு" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நேற்று நான் குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். அவள் வாசலில் காயப் போட்டிருந்த பூண்டெல்லாம் நனைந்துவிட்டது. திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் நடக்குறீங்களா? வீட்டுக்காரவுகன்னா என்ன வேணும்னாலும் செய்வீகளா? இத யாரு காய வைக்கிறது, நீங்களா?" என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "குடியிருக்கவ பேசுற பேச்சா இது? மொதல்ல காலி பண்ணச் சொல்லு அவள" என்றார்.

"நீங்க உள்ள போங்க, அவ பேசட்டும்" என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு, அவள் கத்தி முடிக்கிற வரைக்கும் வாசலிலேயே நின்று கேட்டேன்.